மொச்சைக் காட்டு மான்

எனக்கு மதுரையில், பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் அத்தர் கடை. தாத்தா காலத்திலிருந்தே அந்தத் தொழில்தான். சந்தனம், மருக்கொழுந்து, மல்லி, கஸ்தூரி என்று சின்னச் சின்னக் குப்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்தே அப்போது முப்பத்தைந்து வயதுக்கு வந்திருந்தேன். நான் கைபட்டு எடுத்த வெற்றிலையில்கூட அத்தர் மணக்கிறது என்று என் மனைவி சலித்துக்கொள்வாள். இப்படிப்பட்டவனுக்கு மான் வேட்டை ஆசை வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆசை தானாக வரவில்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே, ஒரு கரட்டடியில், என் தாயார் வழியில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் வந்திருந்தது. உடைமுள்ளும் கள்ளியும் இலந்தையும் மண்டிக் கிடக்கும். தாயார் மௌத்தான பிறகு பங்கு பிரித்தபோது, அது வேண்டாம் என்று தம்பிமார்கள் இருவரும் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். நானும் அதைப் போய்ப் பார்க்கவில்லை. பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதோடு சரி.

யுத்தக் காலத்தில் ஒருநாள் என் வயதையொத்த ஒருவர் கடை தேடி வந்தார். தோளில் துண்டு, காலெல்லாம் செம்மண். என் நிலத்துக்கு அடுத்த காடு அவருடையது. எங்கள் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். அவர் மொச்சை போட்டிருந்தார். பகலெல்லாம் என் முட்புதரில் படுத்துக் கிடக்கிற புள்ளிமான்கள், இருட்டினதும் இறங்கி அவர் மொச்சையை மேய்கின்றனவாம். போன வருஷம் பூவும் பிஞ்சும் போய், பொங்கலுக்கு அவித்துத் தின்னக்கூட மிஞ்சவில்லை என்றார். இந்த வருஷமும் போனால் உழவு மாட்டை விற்றாக வேண்டும்.

ராத்திரிக் காவலுக்குப் படுத்தால் என்ன என்று கேட்டேன். ஊர் தெரியாதவன் கேட்கிற கேள்வி அது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரேகை குடுத்த ஆளு ராவுத்தரே நான். பொழுதடைஞ்சா ஸ்டேஷன்ல இருக்கணும்."

அவர் ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தச் சட்டம்தான். திருடினார்களோ இல்லையோ, பிறந்த குலத்துக்காகவே கைரேகை எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் பொழுது சாய்ந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பேர் சொல்லிப் படுத்துவிட்டு, விடிந்த பிறகு வரவேண்டும். தப்பினால் சிறை. பதினாறு வயதிலிருந்து அப்படித்தான் படுத்து எழுந்து வருவதாகச் சொன்னார். மனைவி தகரத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். மான்களுக்கு அது பழகிப்போயிற்று. இப்போது அவள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். ஒரு துப்பாக்கி வெடித்தால் மான் அண்டாது. ஆனால் அவருக்கு எந்த சர்க்கார் துப்பாக்கி கொடுக்கும்? நிலத்துக்காரர் நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள் என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அது பொய்யில்லை. ஆனால் அவர் "துப்பாக்கி" என்று சொன்ன அந்த நொடியில் என் மனம் வேறெங்கோ போய்விட்டது. குப்பியைத் திறந்து மூடுகிற இந்தக் கை ஒரு மானை வீழ்த்தினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு பிறகு என்னை விடவே இல்லை.

பயிர்ப் பாதுகாப்புக்கு என்று மனுப் போட்டேன். தாலுகா ஆபீசில் குமாஸ்தா, என்ன பயிர் என்று கேட்டார். மொச்சை என்றேன். யார் மொச்சை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லைசென்சு வந்தது. பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. யுத்தத்தில் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு, ஆறுதான் கிடைத்தன. தெருவில் எல்லாரும் வந்து துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மான் கஸ்தூரியை விற்றுப் பிழைக்கிற ஆள் மானையே சுடப் புறப்பட்டுவிட்டார் என்று என் கடைசித் தம்பி சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எல்லார் வீட்டுக்கும் கறி அனுப்புவதாக நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு.

கார்த்திகை கடைசியில் மொச்சை பூக்கிற சமயம், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். அப்போது பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் கரி வாயுவில் ஓடின. காளவாசல் செங்கல் சூளைகளைத் தாண்டினதும் ஏற்றத்தில் பஸ் நின்றுவிட, இறங்கித் தள்ளினோம். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் தள்ளின வேட்டைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவரே எனக்கு ஒரு சோளத்தட்டைக் குடிசை போட்டு வைத்திருந்தார். முதல் நாளே நிலத்தைச் சுற்றிப் பார்த்தோம். என் நிலத்தை நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். முள்ளுக்குள் மான்கள் படுத்த இடம் புல் அமுங்கி வழவழவென்று இருந்தது. புழுக்கையை நசுக்கிப் பார்த்தால் நேற்றையதா இன்றையதா என்று தெரியும். இலந்தை மரத்தில் கொம்பு உரசின இடத்தில் பட்டை உரிந்திருந்தது. இதையெல்லாம் அவருக்கும் முழுசாகத் தெரியாது. இரண்டு பேரும் குனிந்து குனிந்து பார்த்து, இப்படி இருக்கலாம், அப்படி இருக்கலாம் என்று பேசிப் பேசிக் கண்டுபிடித்ததுதான். இரண்டாம் நாளே அவருக்கு நான் மாப்ளயாகவும் எனக்கு அவர் மச்சானாகவும் ஆகிவிட்டோம். அந்தப் பக்கத்தில் அதற்கு அதிக நாள் பிடிக்காது.

பொழுது சாய்ந்ததும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். நான் இரண்டு நிலத்துக்கும் நடுவில் இருந்த கல்குவியலில் உட்கார்ந்துகொள்வேன். இருட்டும்வரை பார்ப்பேன். பிறகு குடிசைக்குப் போய்ப் படுத்து, விடியுமுன் எழுந்து, தொழுதுவிட்டு மறுபடி உட்காருவேன். ஒன்பது நாள் இப்படி. ஒரு மான்கூட வரவில்லை.

பத்தாம் நாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து திரும்பிய மச்சான், என் முட்புதரின் ஓரத்து ஓடைப் பக்கம் போய்த் தடம் பார்த்துவிட்டு வந்து சிரித்தார். மான்கள் தினமும் ஓடை வரைக்கும் வந்து, நின்று, காலால் மண்ணைக் கீறிவிட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கின்றன.

"உங்க அத்தர்தான் மாப்ள. நீங்க மதுரையில பஸ் ஏறுறப்பவே அதுகளுக்குத் தெரிஞ்சுபோகுது. அம்புட்டு வாசம். ஒரு பூ உதிரல பாருங்க."

உண்மைதான். மொச்சை இடுப்பளவுக்கு நின்று, வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்துக் கிடந்தது. ஒரு கொழுந்து கடிபடவில்லை. அவர் தன் பயிர் தப்பியதைச் சொன்னார். என் காதில் விழுந்ததோ மான் வராததற்கு நான்தான் காரணம் என்பது மட்டும். வெறுங்கையோடு தெருவில் போய் இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். தம்பி சிரிப்பது கண்முன் வந்தது.

அன்று மத்தியானம் நான் கண்மாயில் இறங்கினேன். சீயக்காய் போட்டு ஒருமுறை, கரம்பை மண்ணைப் பூசி ஒருமுறை, வேப்பிலையைக் கசக்கித் தேய்த்து ஒருமுறை. தோல் எரிகிற வரைக்கும் தேய்த்தேன். என் உடுப்பையெல்லாம் பைக்குள் திணித்து, பையை நாலு வயல் தள்ளி ஒரு புளியமரத்தில் தொங்கவிட்டேன். கண்மாயில் வேட்டி நனைந்துவிட்டது என்று மச்சான் மனைவியிடம் ஒரு பழைய வேட்டியும் துண்டும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மச்சான் கண்ணில் படவும் இல்லை, அவரிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன் என்று இத்தனை வருஷம் கழித்துப் பொய் சொல்லப்போவதில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும்.

அவர் ஸ்டேஷனுக்குப் போனார். நான் கல்குவியலில் உட்கார்ந்தேன். அமாவாசை நெருங்கின நாள். சீக்கிரமே கையைப் பார்க்க முடியாத இருட்டு. எழுந்து போகலாம் என்று நினைத்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

பிடுங்குகிற சத்தம், பிறகு அரைக்கிற சத்தம். முதலில் ஓர் இடத்தில், பிறகு நாலைந்து இடத்தில். மான்கள் மொச்சைக்குள் இறங்கிவிட்டன. எனக்குக் கண் தெரியவில்லை, சுட முடியாது. ஆனால் கத்தியிருக்கலாம். ஒரு கல்லை எடுத்து எறிந்திருக்கலாம். வானத்தைப் பார்த்து ஒரு தோட்டாவை வெடித்திருக்கலாம். எனக்குத் துப்பாக்கி வந்ததே அதற்காகத்தான். கத்தினால் ஓடிவிடும், விடிந்தால் ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு, அசையாமல், இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரவு முழுக்க அந்த மனிதருடைய பயிரை அவை தின்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கிழக்கு வெளுத்தது. எருமைத் தோல் நிறத்தில் இருந்த காடு மெல்லத் தெளிந்தது. ஒரு டஜன் மான்களுக்கு மேல் இருக்கும். நடுவில் ஒரு கொம்பன் தலையைத் தூக்கிற்று. பிஸ்மில்லா சொல்லிச் சுட்டேன். தோள் அடிபட்டது போலிருந்தது. மற்றவை எல்லாம் பறந்துவிட்டன. கொம்பன் மட்டும் பத்தடி ஓடி விழுந்தது. உயிர் போகுமுன் அறுத்தாக வேண்டுமே என்று கத்தியோடு ஓடினேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. அறுத்தேன். கத்தியைச் செடியில் துடைக்கலாம் என்று திரும்பினபோதுதான் துடைக்கச் செடி இல்லை என்று கண்டேன்.

பாதிக் காட்டுக்கு மேல் குச்சியாக நின்றது. மிச்சத்திலும் குளம்பு மிதித்து ஒடிந்தவை எத்தனையோ. வெள்ளையும் ஊதாவுமாகப் பூ மண்ணில் கிடந்தது.

மச்சான் அப்போதுதான் வரப்பில் வந்துகொண்டிருந்தார். ஸ்டேஷனில் படுத்த கசங்கலோடு வந்தவர் நின்றார். மானைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார், பிறகு என் இடுப்பில் இருந்த தன் வேட்டியைப் பார்த்தார். கிட்டே வந்து மோந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், ராத்திரி முழுக்கச் சத்தம் கேட்டதையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் ஆறியிருக்கும். குனிந்து ஒடிந்த கொடி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குக் கேக்க வழியில்ல மாப்ள. கேட்டிருந்தா விட்டிருப்பேனா? உங்களுக்குக் கேட்டுச்சே."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மானை உரிக்க எனக்குக் கைகொடுத்தார். தொடை ஒன்றைக் கொடுத்தேன். பிள்ளை பெற்றவளுக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டார். நான் அந்தக் கறியில் ஒரு துண்டும் தின்னவில்லை. தெருவுக்கு அனுப்பிவைத்தேன். நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அன்று நான் ஊருக்குத் திரும்பவில்லை. புளியமரத்துப் பையை எடுத்துவந்து, என் சட்டை, கைலி, தலைத்துண்டு எல்லாவற்றையும் ஓடைப் பக்கம் கம்பு நட்டுத் தொங்கவிட்டேன். அன்றைக்கும் மறுநாளும் மான்கள் ஓடையைத் தாண்டவில்லை. ஆனால் வெயிலிலும் பனியிலும் வாசனை ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. அதனால் மதுரைக்குப் போய், வாரா வாரம் நான் உடுத்திக் கழற்றின சட்டைகளைத் துவைக்காமல் கட்டி, பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பினேன். சட்டையை முள்ளுக்கு அனுப்புகிற மனிதருக்குத் துணி தைத்து மாளவில்லை என்று மனைவி புலம்பினாள். காரணத்தைச் சொன்ன பிறகு அவளே காலர்ப் பட்டியில் மருக்கொழுந்து அத்தர் தடவிக் கட்டிக் கொடுத்தாள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஐந்து தோட்டா மிச்சம்.

மிஞ்சின பயிர் தையில் காய்த்தது. ஆனாலும் போதவில்லை. ஜோடி மாட்டில் ஒன்றை மச்சான் விற்றார். அதற்கப்புறம் இரண்டு வருஷம், தன் அண்ணன் மாட்டைக் கேட்டு வாங்கி ஜோடி சேர்த்துத்தான் உழுதார். சட்டைக் கட்டை வாங்கிக்கொண்டோம் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்புவார். அந்த மாட்டைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசினதில்லை. நான் பேச்செடுத்தாலும் மழையைப் பற்றிக் கேட்பார்.

பிறகு ரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே அவர் கடைக்கு வந்தார். கையில் பெரிய மூட்டை. இரண்டு வருஷத்துச் சட்டைகளும் துவைத்து மடித்து அதில் இருந்தன. வெயிலில் கிடந்து எல்லாம் ஒரே நிறமாகிவிட்டிருந்தன.

"இனி இது வேணாம் மாப்ள. நானே காவல் கெடந்துக்கிருவேன்."

உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்தேன். தன் காட்டில் முதல் ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்டேன். தூக்கமே வரவில்லை என்றார். பதினாறு வயதுக்குப் பிறகு அவர் தன் நிலத்தை ராத்திரியில் பார்த்ததே இல்லை. இம்புட்டு நட்சத்திரம் இருக்கும் என்று மறந்தேபோயிற்றாம்.

மான் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சு. நீங்க சொன்னீங்கள்ல, அந்தச் சத்தம். அதைக் கேட்டேன்."

டீயை ஒரு மிடறு குடித்தார்.

"கொஞ்ச நேரந்தான் கேட்டேன் மாப்ள. அப்பறம் எந்திரிச்சு வெரட்டிப்புட்டேன்."