கரடிப் பக்கம் சுடலைமணி

ஷட்டரைத் தூக்குவதற்கு முன் சுடலைமணி அதை உள்ளங்கையால் மூன்று தடவை அடிப்பார். பிறகு தகரத்தில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே எதுவும் உருளவில்லை, எதுவும் மூச்சு விடவில்லை என்று தெரிந்த பிறகுதான் பூட்டில் சாவி நுழையும். ஜன்னல்கூட இல்லாத ஜெராக்ஸ் கடைக்குள் கரடி எப்படிப் போகும் என்று ஒருநாள் கேட்டேன். "ரேஷன் கடைக்குள்ள எப்படிங்கக்கா போச்சு?" என்றார். ரேஷன் கடையின் பின்சுவரைப் பெயர்த்துவிட்டுக் கரடி குடித்துப்போன பாமாயிலின் வழுவழுப்பு தரையை விட்டுப் போக ஒரு மாதமானது. கழுவிய நான்கு பேரில் நானும் ஒருத்தி.

பிக்கட்டிக்குக் கீழே, பஸ் திரும்புகிற வளைவில் இருக்கிறது அந்தக் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ரேஷன் கார்டு மனு, பரீட்சை ரிசல்ட், எல்லாம் அங்கேதான். சுடலைமணிக்கு நாற்பத்தாறு வயது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் குரங்குக் குல்லா. ரோட்டுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். இடி இடித்தால் எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கையிலிருக்கும் டார்ச்சையும் அணைப்பார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால்தான் இடம். அது கிடைக்காவிட்டால் அடுத்த பஸ். இந்த மனுஷனுக்குப் பெண் கொடுத்தவர்களை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். அவர் மனைவி சசிகலா ஊட்டி மார்க்கெட்டில் கேரட் மூட்டை ஏற்றுகிற இடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு எதைக் கண்டும் பயமில்லை. வீட்டுக்கு ஒருத்தர் தைரியமாக இருந்தால் போதும்போல.

முன்பு எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தார். பச்சைத் தேயிலை விலை கிலோ எட்டு ரூபாய்க்கு இறங்கிய வருடம் ஃபேக்டரியை மூடினார்கள். திறப்போம் என்றார்கள். திறக்கவில்லை. கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல், இடுப்புயரம் நிற்க வேண்டிய தேயிலைச் செடி மூன்று ஆள் உயரத்துக்கு மரமாக வளர்ந்தது. உள்ளே பட்டப்பகலிலும் வெளிச்சம் கிடையாது. எங்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்தது லைன் வீடு. கரடிக்கு இதைவிட நல்ல லைன் வீடு எங்கே கிடைக்கும்? குட்டிகளோடு வந்து குடியேறிவிட்டது. விலை இறங்கியதை நாங்கள் பேப்பரில் பார்க்கவில்லை. அடுப்புச் சாம்பல் கொட்டப் போகிற வழியில் கரடிச் சாணியாகப் பார்த்தோம்.

பெண்கள் என்ன செய்வார்கள்? மூடிய எஸ்டேட்டில் இன்னும் மரமாகாத நம்பர்களுக்குள் அவர்களாகவே போய்க் கொழுந்து பறித்து, இலை வாங்க வருகிற வண்டிக்காரனுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம்பர் என்றால் எங்கள் பக்கம் தேயிலைக் காட்டுக்கு வைத்த பெயர். ஐந்தாம் நம்பர், ஏழாம் நம்பர். அப்படித்தான் ஒருநாள் கீழ் லைன் ஆண்டாயி விறகுக்குக் குனிந்த இடத்தில் கரடி முகத்தில் அடித்தது. உயிர் தங்கியது. ஒரு கண் தங்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அதே இடத்தில் சுடலைமணி அந்தக் கரடியைப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்தி, கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. இதை அவரே என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டு. "சொல்லோணும்னு தோணவே இல்லைங்க. ஊட்டுக்குள்ள போயிரோணும்னு மட்டுந்தான் தோணுச்சு." நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது என்பதல்ல, ஆண்டாயியின் முகத்துக்கு மருந்து போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன்.

அடுத்த வாரமே வலைப்பூ தொடங்கினார். எந்த நம்பரில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்த்து, குட்டி உண்டா இல்லையா என்று பார்த்தவர்களிடம் கேட்டுத் தினமும் நான்கு வரி. ஊர் அதற்குக் கரடிப் பக்கம் என்று பெயர் வைத்தது. காலையில் பெண்கள் மகன், மகள் போனில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கூடை எடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து ஒருநாள் அது இல்லை. இணையத்தில் இலவசமாக இடம் கொடுத்தவர்கள், என்ன விதியோ, மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். கேட்கவும் ஆளில்லை. சுடலைமணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. தன் அப்பா ரிட்டயரான அன்றைக்கு லைன் வீட்டைக் காலிசெய்ய ஒரு வாரம்தான் கொடுத்தார்கள், பாத்திரத்தோடு ரோட்டில் நின்ற ஞாபகம் வந்துவிட்டது என்றார். "அடுத்தவன் ஊட்ல எத்தன வருசம் இருந்தாலும் அடுத்தவன் ஊடுதானுங்க. சொந்தமா ஒண்ணு போட்டரோணும்."

போட்டார். சொந்தமாக ஒரு பெயர் வாங்கி, எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஆண்டு வாடகைக்கு இடம் பிடித்து, வலைப்பூவைத் தன் கையாலேயே நிறுவினார். பதினொரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அதோடு மாட்டிக்கொள்ளச் சின்னச் சின்ன உதிரிச் சாமான்கள் உண்டாம். ப்ளகின் என்றார். மிக்ஸியோடு வருகிற ஜார் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஒன்று, சிக்னல் குறைந்த போனிலும் பக்கத்தைச் சீக்கிரம் திறக்கும். ஒன்று, தேதியைத் தொட்டால் அன்றைக்குக் கரடி எங்கே இருந்தது என்று காட்டும். ஒன்று, எழுதியதையெல்லாம் தினமும் நகல் எடுத்து வேறிடத்தில் வைக்கும். இதெல்லாம் உருப்படியான சாமான்தான். ஆனால் பயந்தவன் கையில் கடை கிடைத்தால் பூட்டாகத்தானே வாங்குவான்? திருடன் வந்தால் மணி அடிக்க ஒன்று, வந்தவன் யாரென்று பார்க்க ஒன்று, மூன்று தடவை பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் ஒருநாள் முழுக்கக் கதவைச் சாத்த ஒன்று.

கரடிப் பக்கத்தை எவன் திருடப்போகிறான் என்று கேட்டேன். "எவனாச்சும் உள்ள பூந்து 'கரடி இல்ல, போங்க'னு எழுதிட்டான்னா என்னங்கக்கா பண்றது?" என்றார். அதனால் ஞாயிறுதோறும் பாஸ்வேர்டை மாற்றுவார். எங்கும் எழுதி வைக்க மாட்டார். மனைவிக்கும் தெரியாது.

போன டிசம்பரில் ஒரு காலை. புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி. என் ஓரகத்தி மூக்கம்மா போனில் காசு தீர்ந்துவிட்டதென்று என்னிடம் கொடுத்திருந்தாள். ஏழு மணிக்கு முன்பே கடை வாசலில் நின்றேன். சுடலைமணி அப்போதுதான் கம்ப்யூட்டரைப் போட்டார். பால்காரர் கருப்புசாமி பைக்கை நிறுத்தாமலே சேதி சொன்னார். தாயும் இரண்டு குட்டியும் பம்ப் ஹவுஸுக்கு மேலால் ஏழாம் நம்பருக்குள் இறங்கிவிட்டன.

சுடலைமணி கேட்க வேண்டியதை முறையாகக் கேட்டார். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்த்து. கேட்டுவிட்டு உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தார். தப்பு. விரல்கள் மரத்துப்போய்க் குச்சியாக இருந்தன. வாயால் ஊதிவிட்டு மறுபடி அடித்தார். தப்பு. கொஞ்சம் இருங்கண்ணா, கையைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு அடியுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவதையும் அடித்துவிட்டார்.

திரையில் இரண்டே வரி. அவர் அதைப் படித்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்கண்ணா?"

"'நாளைக்கு வாங்க'ங்கறான்."

"யாரு?"

"நாந்தானுங்க. நான் வெச்ச பூட்டு."

இன்னொரு கடையில் போய் அடிக்கலாமா என்றேன். எங்கிருந்து அடித்தாலும் அந்தப் பெயருக்குக் கதவு திறக்காதாம், அப்படித்தான் கெட்டியாக வைத்தாராம். இடம் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தார். பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லி ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொன்னது, பிறகு இந்தியில் சொன்னது. நான் என் மகளைப் போனில் கூப்பிட்டு, மூக்கம்மா கிளம்பிவிட்டாளா என்று கேட்டேன். என் போனில் கரடிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்ப் பத்து நிமிஷமாகிறது, ஏழாம் நம்பருக்கு என்றாள். மூக்கம்மாவின் போன் என் கையில் இருந்தது.

சுடலைமணி என் பக்கம் திரையைத் திருப்பினார். கரடிப் பக்கம் வெளியாட்களுக்குத் தெரிகிறபடி திறந்திருந்தது. முந்தின நாள் எழுதியது அப்படியே நின்றது. ஏழாம் நம்பர்: மூன்று நாளாக ஒன்றுமில்லை. போகலாம்.

"இதப் பாத்துட்டுத்தான் போயிருக்காங்க," என்றார். "அழிக்கக்கூட முடியலீங்க. போலாம்னு நாஞ்சொன்னதுங்க."

கருப்புசாமி மேல் லைனுக்குச் சொல்லப் பைக்கைத் திருப்பினார். ஏழாம் நம்பருக்கு இறங்குகிற கீழ்ப்பாதையில் பைக் போகாது. சுடலைமணி எழுந்தார். எழுந்தவர் கடைக்குள்ளேயே இரண்டு தடவை சுற்றினார். நான் அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் ரோட்டைத் தாண்டிப் படியில் இறங்கிவிட்டார். ஷட்டரை நான்தான் இழுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

பத்தடிக்கு மேல் கண் தெரியாத மூடுபனி. இவர் என் முதுகுக்குப் பின்னால் வருவார் என்று நினைத்திருந்தேன். முன்னால் போனார். போகிறபோதே கத்தினார். எப்படிக் கத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதுகிற மாதிரியே கத்தினார்.

"ஏழாம் நம்பர்! காலை ஆறு நாப்பது! தாய் ஒண்ணு, குட்டி ரெண்டு! கீழ பாத்து எறங்குது! யாரும் போகாதீங்கோ!"

வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். மரமாகிப்போன தேயிலை இருபுறமும் கூரை மாதிரி கவிந்த இடத்துக்கு வந்தோம். பாதை ஓரத்தில் கறையான் புற்று பிளந்து கிடந்தது. மண் ஈரமாக, புதிதாக. நனைந்த கம்பளியும் அழுகிய பழமும் சேர்ந்ததுபோல் ஒரு வாடை. இடதுபக்கம் உள்ளே குச்சி முறிந்தது. நின்றது. மறுபடி முறிந்தது.

சுடலைமணி நின்றுவிட்டார். அந்தக் குளிரில் அவர் காதோரம் வேர்வை இறங்கியது. என் நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, இத்தனை வருஷத்தில் முதல்முறை. அவர் திரும்பி ஓடியிருந்தால் நானும் ஓடியிருப்பேன், பொய் சொல்லவில்லை. அவர் ஓடவில்லை, நகரவும் இல்லை. வாயை மட்டும் திறந்தார். பாதிக் குரல்தான் வந்தது. "ஏழாம் நம்பர்... தாய் ஒண்ணு..." மறுபடி முதலிலிருந்து. மறுபடி.

கீழே பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், யாரது என்றது. கூடைகள் உரசுகிற சத்தம் மேலே ஏறி வந்தது. சுடலைமணி பாதையில் உள்பக்கமாக, குச்சி முறிந்த பக்கமாகப் போய் நின்றுகொண்டார். பேசாமல் போகும்படி கையைக் காட்டினார். ஒவ்வொருத்தியாக அவரைக் கடந்தார்கள். கடக்கிற ஒவ்வொரு கூடையையும் அவர் விரலால் தொட்டார். ஐந்து கூடை.

"எத்தன பேரு வந்தீங்க?" என்றார்.

"ஆறு பேருங்க. மூக்கம்மாக்கா பின்னால வருது."

பின்னால் யாரும் இல்லை. வெள்ளையாகப் பனி மட்டும். குச்சி இன்னும் பக்கத்தில் முறிந்தது. சுடலைமணி பாதையில் கீழே இறங்கினார். நான்கு எட்டு வைத்ததும் பனி அவரை மூடிவிட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீட்டில் அரிசி களைந்து வைப்பதற்குள் ஆகிற நேரம்தான். மூக்கம்மா மேலே வந்தாள். செருப்பு வார் அறுந்துவிட்டது, அதனால் பின்தங்கினேன் என்று எரிச்சலோடு சொன்னாள். செடி கிழிக்காமலிருக்க அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் முனை சுடலைமணியின் கைக்குள் சுருண்டிருந்தது.

மூச்சு விடாமல் ஏறினோம். தார் ரோடு வந்ததும் மற்ற பெண்கள் கூடையை இறக்கி உட்கார்ந்துவிட்டார்கள். மூக்கம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. விளங்கியதும் அவளுக்கு வாய் வந்துவிட்டது. "ஏனுங்க, ரோடு வந்துருச்சு. சாக்க உடுங்க. சசிகலா பாத்தா என்னைய வெட்டிப் போடுவா."

எல்லாரும் சிரித்தார்கள். முதல் பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, ஒதுங்கினோம், போனது. சுடலைமணி அந்தச் சாக்கு முனையை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.