ஊருக்கு ஒரு மலை போதும்

இடது கண்ணை மூடிக்கொண்டு மலைக்கோட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் முஹ்சினா. பேகம்பூர் வீட்டு மொட்டைமாடி. கையில் ஐம்பது வயதுக் கேமரா. கண் வைத்துப் பார்க்கும் சன்னலின் நடுவே மஞ்சளாக ஒரு சிறு கட்டம். அதற்குள் பாறையின் விளிம்பு இரண்டாகத் தெரிகிறது. மேல்மூடியின் துளைக்குள் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டு இம்மி திருப்புகிறாள்.

"ஊருக்கு ஒரு மலை போதும் அப்பு, சேந்துக்க" என்கிறாள் கேமராவிடம். விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன.

இந்த வகைப் பழைய பிலிம் கேமராவில் இரட்டை பிம்பம் ஒன்றாகும் இடத்தில்தான் படம் தெளிவாக விழும். அது பிசகினால் கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளைஞர்கள் இவளுக்குக் கூரியர் அனுப்புகிறார்கள். மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவள். கணவர் மன்சூரின் தோல்கடைக்கு உறை தைக்க வந்த கேமரா ஒன்றைத் திறந்து பார்த்தாள். அதோடு மொபைலை விட்டுவிட்டாள். கழற்றிய திருகாணிகளைப் பணியாரச் சட்டியில் குழிக்கு ஒன்றாகப் போட்டுவைப்பாள். சரிசெய்த திருகாணி நகராமலிருக்க நகப்பூச்சு ஒரு துளி. மன்சூர் ஆசையாய் வாங்கித் தந்தது. "தொழுகைக்குத்தான் ஆகாது. இதுக்கு ஆகும்ல" என்பாள்.

தூரத்துக்கு மலையைப் பார்ப்பாள், கிட்டத்துக்கு ஒரு மீட்டரை டேப்பால் அளந்து பார்ப்பாள். இரண்டும் பார்க்காமல் எதையும் கொடுப்பதில்லை. கொடைரோட்டில் பழக்கடை வைத்திருக்கும் பெலிக்ஸ் வந்த சனிக்கிழமை மட்டும், வீடு நிறைய விருந்தாளிகள். மலையைப் பார்த்ததோடு கொடுத்தனுப்பிவிட்டாள். மறுநாள் அவர் மகள் ஜோஸ்பினுக்குப் புதுநன்மை, முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். அவருடைய புதுநன்மைப் படம் எடுத்த அதே கேமராவில் மகளையும் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஞாயிறு காலை டீ வடிகட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன் போட்டாள், பெலிக்ஸ் எடுக்கவில்லை.

"லேசா மங்கலா விழுந்தா என்ன? போன்லயும் எடுப்பாகள்ல" என்றார் மன்சூர்.

"மலைய எடுக்கவா கொண்டு போனாரு? பிள்ள மொகத்தத்தான எடுப்பாரு" என்றபடி புர்காவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கொடைரோடு மாதா கோயிலில் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. பெலிக்ஸ் கோட்டு போட்டிருந்தார்.

"அண்ணே, தப்பு எம்மேலதான். கிட்டத்துல வச்சுப் பாக்காமக் குடுத்துட்டேன். உள்ள படம் எடுத்தீகளா?"

"தூரத்துல இருந்துதான் எடுத்தேன் தங்கச்சி. மொகத்தை இனிமேத்தான் எடுக்கணும். ஆனா பிலிம் உள்ள இருக்கே?"

"பின்மூடியத் தொட மாட்டேன். செத்த நேரம் குடுங்க."

கோயில் படியில் உட்கார்ந்தாள். வெள்ளை உடையில் ஜோஸ்பின் எதிரே நின்றாள், கையில் எரியும் மெழுகுதிரியோடு. கேமராவிலிருந்து சுடர் வரை ஒரு மீட்டரை டேப் பிடித்து அளந்தாள் முஹ்சினா. லென்சின் வளையத்தையும் ஒரு மீட்டரில் வைத்துப் பார்த்தாள். சுடர் இரண்டாக நின்றது. "நல்லவேளை வந்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு திருகாணியைத் தேடினாள். காற்று நிற்கக் காத்திருந்து திருப்பினாள். சுடர்கள் நெருங்கின, தாண்டின, திரும்பி வந்து ஒன்றாயின. எழுந்து தூரத்துச் சிறுமலையையும் ஒருமுறை பார்த்தாள். மலை ஒன்றாகவே இருந்தது.

"இப்ப எடுங்கண்ணே."

பெலிக்ஸ் மகளின் முகத்துக்குக் கேமராவை உயர்த்தி, வளையத்தை நிதானமாகத் திருப்பத் தொடங்கினார். ஜோஸ்பின் ஆடாமல் நின்றாள். மெழுகு உருகி அவளது வெள்ளைப் பாவாடையின் மேல் சொட்டப் பார்த்தது. முஹ்சினா படத்தில் விழாதபடி குனிந்து, உள்ளங்கையை அதன் அடியில் நீட்டினாள்.