ஒன்பதாவது டிக்

அந்தப் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அச்சில் நிறம் விலகிப்போன ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியது. சிவகாசியில் பள்ளிக்கூட ரஃப் நோட்டிலிருந்து பலசரக்குச் சீட்டு வரை எங்களுக்கு அந்த வேஸ்ட் தாள்தான். முன்பக்கத்தில் லட்சுமிக்கு உதடு ஓரிடத்தில் இருக்கிறது, உதட்டுச் சிவப்பு கன்னத்தில் இருக்கிறது. பின்பக்கத்தில் என் கையெழுத்தில் பதினொரு வரிகள். ஒவ்வொன்றின் எதிரிலும் பச்சை மையில் ஒரு டிக்.

ஒன்பதாவது வரி இது: "என்ஜின் ஓடும்போது ஸ்விட்சை அணைத்தால் என்ஜின் நிற்கிறது."

அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. டிக் மட்டும் போட்டேன்.

என் அண்ணன் விருதுநகரில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். பழைய வெள்ளைக் கார் ஒன்று வைத்திருந்தான். வாரத்தில் ஆறு நாள் அது அம்மாவைப் பட்டாசு கம்பெனி வேன் வரும் இடத்தில் இறக்கிவிட்டு அவனை வேலைக்குக் கொண்டுபோகும். வருஷத்தில் இரண்டு மூன்று ஞாயிறு மட்டும் பின்சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, கோயம்புத்தூர்ப் பக்கத்து ட்ராக்கில் போய்ப் பழக ஓட்டிவிட்டு வருவான். அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். புதியவர்களுக்கானது. தீபாவளி சீசன், லோடு லாரிகள் வரிசையில் நிற்கிற நேரம். அதில் இரண்டு நாள் லீவு வாங்க அவன் ஒரு மாதம் கெஞ்சியிருக்கிறான்.

பந்தயக்காரர்கள் அனுப்பிய தாளில் பேட்டரி கில் ஸ்விட்ச் கட்டாயம் என்று இருந்தது. கார் கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ, வெளியில் இருந்து ஓடிவருகிற ஆள் முன்கண்ணாடிக்குக் கீழே கையை வைத்து அந்தச் சிவப்புச் சாவியைத் திருப்புவார். கரண்ட் முழுதும் போக வேண்டும். என்ஜினும் பெட்ரோல் பம்ப்பும் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் உயிரோடு வெளியே வருவதற்கான ஏற்பாடு அது.

"நீதான் கரண்டு படிச்சவ. மாட்டித் தர்றியா பிள்ள?" என்றான் அண்ணன்.

நான் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்து ஒரு பட்டாசு கம்பெனியில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தேன். "இதென்ன பெரிய வேலை" என்று சொல்லி, வாங்க வேண்டிய சாமான்களை எழுதிக் கொடுத்தேன். கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள், அதன் முனைக்குச் செம்பு லக்கு, தகரத்தில் கேபிள் உரசாமலிருக்க ரப்பர் வளையம், இரண்டு முனை உள்ள கில் ஸ்விட்ச். மதுரைக் கடைக்காரர் அண்ணனிடம், "ரேஸுக்கா, லாரிக்கா?" என்று கேட்டாராம். "தங்கச்சி எழுதினதைக் குடுங்கண்ணே, அவ தப்பா எழுத மாட்டா" என்று இவன் சொன்னானாம். அதை வீட்டில் பெருமையாகச் சொன்னான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு, அண்ணனை பஸ்ஸில் வேலைக்கு அனுப்பிவிட்டு, வீட்டு வாசலில் வைத்து மாட்டினேன். வேலை சுத்தமாக வந்தது, அதை இன்றும் சொல்வேன். லக்கு நன்றாக அமுங்கியிருந்தது. கேபிள் எங்கேயும் உரசவில்லை. ஸ்விட்ச் இருக்கும் இடத்தைக் காட்டுகிற நீல முக்கோண ஸ்டிக்கரைக்கூட ஸ்கேல் வைத்து ஒட்டினேன். பிறகு பட்டியலை எடுத்தேன். ஸ்விட்சை அணைத்தேன், ஹார்ன் அடிக்கவில்லை. டிக். ஹெட்லைட் எரியவில்லை. டிக். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகக்கூட இல்லை. டிக்.

ஒன்பதாவதற்கு என்ஜினை ஓடவிட வேண்டும். அங்கேதான் சிக்கல். எங்கள் தெருவில் யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்ய மாட்டோம். பாதி வீடுகளில் திரி வேலை நடக்கும். மருந்து தோய்த்த திரி வாசலில் கொடியில் காயும். வீட்டில் வைத்துச் செய்யக் கூடாத வேலைதான், ஆனாலும் நடந்தது. அதனால் மொபெட்டோ காரோ, தெரு முக்கு வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் செய்வோம். வரும்போது முக்கிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவோம். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். கம்பெனியில் பெட்டி அடைக்கிற வேலை. சீசனில் கை விரல் ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டியிருப்பாள். சாப்பாட்டு வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான். ஓடவிட்டுப் பாக்கணும்."

"அப்ப முக்குக்குத் தள்ளிட்டுப் போவம். எதுத்த வீட்டு அக்காவையும் கூப்பிடுதேன், மூணு பேரு போதும்."

எதிர் வீட்டு அக்கா கொடியில் திரியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர், "இந்தா வாரேன், உங்க பிள்ள ஸ்டீரிங்கை மட்டும் பிடிச்சா போதும், அம்புட்டுப் படிச்சிருக்கு, தள்ளவா விடுவோம்" என்றார்.

எனக்கு முதுகு வலித்தது. குளிக்க வேண்டும் போல இருந்தது. "வேண்டாம்மா. பேட்டரி இல்லேன்னா வண்டி வெறும் தகரம். எப்படி ஓடும்? உனக்குச் சொன்னா புரியாது" என்றேன்.

அம்மா வாளியோடு உள்ளே போனாள். நான் பச்சைப் பேனாவை எடுத்தேன். பட்டியலில் ஓர் இடம் காலியாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது என்று அந்த நாட்களில் சொல்லிக்கொள்வேன். அதை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை ட்ராக்கில் வண்டிகளைச் சோதித்து அனுப்புகிறவர் தொப்பியும் அட்டையுமாக வந்தார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், தீயணைப்பு சிலிண்டரைப் பார்த்தார். என் கேபிளைத் தொட்டுப் பார்த்து, "நல்ல வேலைங்க" என்றார். அண்ணன் என்னைக் காட்டி, "எந்தங்கச்சி" என்றான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

என்ஜின் ஓடியது. அவர் வெளியில் இருந்து சிவப்புச் சாவியைத் திருப்பினார். ஹெட்லைட் ஒரு தடவை பளிச்சென்று ஏறியது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பவும் திருப்பினார். ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்ட அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆல்டர்னேட்டர். ஓடுகிற என்ஜினோடு சேர்ந்து சுற்றி அதுவே கரண்ட் உண்டாக்கும். பேட்டரியைப் பிரித்தாலும் அது என்ஜினுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். என் கம்பெனியில் ஈ.பி. லைன் ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம். "இரண்டையும் அணைத்த பின்பே தொடவும்" என்று போர்டு எழுதி மாட்டியவள் நான். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வேன்.

பக்கத்துக் காரில் சாய்ந்து நின்ற ஒருவர், "சிவகாசி ஸ்விட்சுங்க. திரியைக் கிள்ளிப் போட்டாலும் வெடிக்கும்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

சோதிப்பவர் சிரிக்கவில்லை. "ஓடவிட்டு டெஸ்ட் பண்ணீங்களா?" என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்தான். அதை அவன் கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது. நாலாக மடித்து வைத்திருந்தான். "எல்லாம் எழுதியிருக்கா சார். ஒம்பதாவது பாருங்க."

அவர் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க பாத்தப்ப நின்னுதாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நின்னுச்சு சார்" என்றேன்.

அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி என் ஸ்விட்சை விரலால் காட்டினார். "இதுல ரெண்டு முனைதான் இருக்குது. லாரிக்குப் போடறது, பேட்டரியை மட்டும்தான் வெட்டும். ஆறு முனை உள்ளது போட்டு, இக்னிஷனையும் சேத்து வெட்டணும். இது நிக்கறதுக்கு வழியே இல்லீங்களே." மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் அண்ணன் பக்கத்தில் நின்றான்.

"வீட்டுல நின்னுச்சு சார்," என்றான் அவன். "வர்ற வழியில என்னமோ கெட்டுப்போச்சு போல."

அவர் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, வண்டி தேறவில்லை என்று அட்டையில் எழுதிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார். பன்னிரண்டு மணிக்குள் வேறு ஸ்விட்ச் மாட்டினால் திரும்பப் பார்ப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. அண்ணன் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தான். யாரிடமும் உபரியாக இல்லை. மத்தியானம் அவன் ஓட்ட வேண்டிய பந்தயத்தைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். அந்தத் திரி ஜோக் அடித்தவர் மூன்றாவதாக வந்தார். அண்ணன் கைதட்டினான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திருமங்கலத்தில் டீ குடிக்கும்போது, "நாளைக்கு அந்த மதுரைக் கடைக்காரன்ட்டப் போயி நாலு வார்த்தை கேக்கணும். ஓட்டை ஸ்விட்சைக் குடுத்து ஏமாத்திருக்கான்" என்றான். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ரேஸுக்கா, லாரிக்கா' என்று சரியாகக் கேட்ட ஒரே ஆள் அந்தக் கடைக்காரர்தான். நாளைக்கு அவரும் என்னால் திட்டு வாங்கப்போகிறார்.

ராத்திரி எட்டு மணி போலத் தெரு முக்குக்கு வந்தோம். அண்ணன் வழக்கம்போல என்ஜினை அணைத்தான். அவன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கதவோரம் தள்ள, நான் பின்னால் தள்ளினேன். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அண்ணே, நான் ஓடவிட்டுப் பாக்கவே இல்ல."

கார் இன்னும் கொஞ்ச தூரம் உருண்டு நின்றது.

"டிக் போட்டிருந்தியே."

"போட்டேன்."

"எதுக்குப் போட்டே?"

முக்கு வரை தள்ள அலுப்பாக இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓடாதுன்னு நெனச்சேன்" என்றேன்.

"அந்த ஆளு பாக்காம விட்டிருந்தா, அந்தத் தாளை நம்பித்தான் பிள்ள நான் உள்ள போயிருப்பேன்." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விவரத்தைச் சரிபார்க்கிறவன் மாதிரி சொன்னான். பிறகு, "தள்ளு" என்றான்.

வாசலில் அம்மா நின்றாள். "என்னப்பா, ஓட்டுனியா?"

"இல்லம்மா. ஸ்விட்சு சரியில்லாமப் போச்சு" என்றான். என் பக்கம் திரும்பவில்லை.

மதுரைக்கு அவன் சண்டை போடப் போகவில்லை. ஆறு முனை ஸ்விட்ச் கேட்டு வாங்கி வந்தான். இந்தத் தடவை படம் வரைந்து, இக்னிஷன் ஒயரைப் பிரித்து, ஆல்டர்னேட்டரின் கரண்டை வாங்கிக்கொள்ளும் சின்ன ரெசிஸ்டரையும் போட்டு மாட்டினேன். முடித்ததும் நானே போய் அம்மாவையும் எதிர் வீட்டு அக்காவையும் கூப்பிட்டேன். "படிச்ச பிள்ளையும் தள்ளுதா இன்னிக்கு?" என்றார் அக்கா. தள்ளினேன்.

முக்கில் அண்ணன் உள்ளே உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டான். "திருப்பு" என்றான். வெளியில் இருந்து திருப்பினேன். என்ஜின் நின்றது.

"இன்னொரு தடவை." நின்றது.

"இன்னொண்ணு." அதற்கும் நின்றது.

அம்மா டிக்கி மேல் கையை வைத்தபடி, "அதான் நின்னுருச்சுல்ல. தள்ளுங்க, சோறு ஆறுது" என்றாள்.

நான் புதுத் தாள் ஒன்றில் பதினொரு வரிகளை எழுதி வைத்திருந்தேன். பேனாவை எடுத்தபோது அண்ணன் கையை நீட்டினான். தாளை வாங்கி, ஸ்டீரிங் மேல் வைத்து, ஒன்பதாவதற்கு எதிரே அவனே டிக் போட்டான். கோணலாக, பெரிதாக. மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த வருஷம் அந்த ட்ராக்கில் ஓட்டினான். அதன் பிறகு இரண்டு தடவை ஓட்டினான். வண்டியில் கரண்டு வேலை எதுவானாலும் இன்றுவரை என்னிடம்தான் கொடுக்கிறான். ஆனால் தாள் கேட்பதில்லை. நான் முடித்துவிட்டேன் என்று சொன்னதும் அவனும் வந்து பின்னால் கையை வைக்கிறான். இரண்டு பேரும் முக்கு வரை தள்ளிக்கொண்டு போகிறோம்.