வெறும் மேசை

சீதாலெட்சுமிக்கு வேலை கிடைத்த செய்தி, அவள் வீடு வந்து சேருவதற்கு முன்பே தாமான் குடியிருப்பு முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியவள் அம்மா நல்லம்மாள்தான். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் மலாயிலும், மற்ற வீடுகளில் தமிழிலும், "கோலாலம்பூர்ல ஆபீஸ் வேலை. இபிஎஃப், சொக்சோ காப்புறுதி எல்லாம் இருக்கு" என்று வாசல் வாசலாக நின்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். கிள்ளானில் அவர்கள் தெருவில் இபிஎஃப் சேமநிதி இல்லாத வீடே கிடையாது. இருந்தாலும் எல்லோரும் பெரிய செய்தி போலத் தலையாட்டிக் கேட்டார்கள்.

சீதாலெட்சுமிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பத்தொன்பதில், காப்பார் சாலையில், அண்ணன் ஓட்டிய மோட்டார்சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனபோது ஒரு லோரி உரசிவிட்டுப் போனது. அண்ணன் கையில் கட்டோடு அடுத்த வாரமே வேலைக்குப் போய்விட்டான். அவளுக்கு முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே சூடு, குளிர், வலி எதுவும் தெரியாது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. கிள்ளானிலேயே ஒரு மையத்தில் பல வருடம் பிளாஸ்டிக் கரண்டியையும் முள்கரண்டியையும் சேர்த்துப் பையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கைச்செலவுக்கு ஏதோ கொடுப்பார்கள். அதைச் சம்பளம் என்று அவர்களும் சொன்னதில்லை, அவளும் நினைத்ததில்லை. பிறகு யாரோ நடத்திய கணினி வகுப்பு, அதற்கப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டு உள்ளவர்களுக்கென்று ஒரு வேலைச் சந்தை, அதில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் மேசை. கேள்வி அதிகம் கேட்கவில்லை. அடுத்த மாதமே வரச்சொன்னார்கள்.

கம்பெனி பிரிக்ஃபீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது. கண் தெரியாதவர்களுக்காக நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகள் அவளுடைய சின்னச் சக்கரங்களைத் தடதடவென்று ஆட்டும். அதைத் தவிர வழியில் தொந்தரவில்லை. கம்பெனிக்காரர்களும் குறை வைக்கவில்லை. வாசலில் சாய்தளம் போட்டிருந்தார்கள். கழிவறைக் கதவை அகலப்படுத்தியிருந்தார்கள். முதல் நாள் கேக் வெட்டி, நடுவில் அவளை வைத்து, இருபுறமும் குனிந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மனிதவளப் பிரிவிலிருந்த விஷ்ணுப்ரியா என்ற பெண், "வெல்கம் அக்கா, எது வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளைப் போட்டது வாகன இழப்பீட்டுப் பிரிவில். பிரிவின் பொறுப்பாளர் அமுதவள்ளி. ஐம்பது தாண்டியவர். உரத்த குரல். காலையில் வந்ததும் கைப்பையை வீசிவிட்டு வேலையில் இறங்கினால் மத்தியானம்தான் தலை நிமிர்வார். சன்னலோரமாக ஒரு மேசையைக் காட்டி, "இதான் உன் இடம். சிஸ்டம் பாஸ்வேர்ட் ஐடி ஆளு தருவாரு" என்றார்.

ஐடி ஆள் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து பாஸ்வேர்ட் கொடுத்தபோது, அதைக் கொண்டு செய்வதற்கு வேலை எதுவும் வரவில்லை.

"மேடம், நான் என்ன செய்யட்டும்?"

"வேலை வந்தா சொல்றேன். ரிலேக்ஸ் லா, சீத்தா."

அவள் ரிலேக்ஸாக இருந்தாள். மேசையைத் துடைத்தாள். கணினியில் விடுமுறை நாட்காட்டியைப் பார்த்தாள். மற்றவர்கள் தொலைபேசியில் பட்டறைக்காரர்களோடு சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தேநீர் எடுக்கப் போகலாம் என்று நாற்காலியைத் திருப்பினால், யாராவது எழுந்து ஓடிப்போய் எடுத்து வந்து மேசையில் வைத்துவிடுவார்கள். நல்ல மனசுதான். அதற்குப் பிறகு அவள் நாற்காலியைத் திருப்புவதையும் விட்டுவிட்டாள். மாதம் முடிந்ததும் சம்பளம் வங்கியில் விழுந்தது. அம்மா அந்த வாரம் ஆட்டிறைச்சி வாங்கினாள். அப்படியே அடுத்த மாதமும் போயிற்று. அதற்கடுத்த மாதமும் போயிற்று. கொமுட்டர் ரயிலில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே போல. நடுவில் ஒரு வெறும் மேசை.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாதவர்கள் அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் முதல் பாடமே அதுதான். மையத்தில் இருந்தவரை அது தானாக நடந்துகொண்டிருந்தது. கரண்டிப் பெட்டியை எட்டி எடுக்கும்போது, நிறைந்த பையைத் தள்ளும்போது, உடம்பு எழும்பி எழும்பி இறங்கும். இங்கே எட்டி எடுக்க எதுவும் இல்லை. அவள் மறந்துபோனாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அசைவதற்கு ஒரு காரணம் அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை உடை மாற்றிவிடும்போது நல்லம்மாள் சத்தம் போட்டாள்.

"அய்யோ, சீத்தா! இங்க இவ்ளோ பெரிய புண்ணு!"

"எங்க?"

"உக்கார்ற எடத்துல. உனக்குத் தெரியவே இல்லியா?"

"இல்லம்மா."

மருத்துவர் கோபித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எலும்பைத் தொட்டிருக்கும் என்றார். குப்புறப் படுக்க வேண்டும், ஆறும்வரை உட்காரவே கூடாது. மருத்துவ விடுப்புச் சீட்டாக எம்சி மேல் எம்சி கொடுத்தார்கள். அவள் தலையணையில் கன்னத்தை வைத்துச் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். எம்சியைப் படம் எடுத்து அனுப்பினாள். 'நோட்டட்' என்று தானாகவே வரும் பதில் வந்தது. ஆபீஸிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிப் போனபோது அமுதவள்ளி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"வந்துட்டியா? ட்ரெய்னிங்குக்குத்தானே போயிருந்த?"

சீதாலெட்சுமி, "இல்ல மேடம், எம்சி" என்றாள்.

"ஓ" என்றுவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். அவர் மேசைக்குப் பின்னால் கோப்புகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

கோபம் வரும் என்று சீதாலெட்சுமி நினைத்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு விஷ்ணுப்ரியாவின் அறைக்குப் போனாள்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். என்னைய எதுக்கு எடுத்தீங்க?"

விஷ்ணுப்ரியா தப்பாவ் செய்து, பொட்டலமாக வாங்கி வந்திருந்த சோற்றை மூடிவைத்தாள். "ஏன்கா, யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. ஒண்ணுமே சொல்லல. அதான் கேக்குறேன்."

அந்தப் பெண் சோற்றுப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளினாள். "ஹெட் ஆபீஸ்ல ஒரு டார்கெட் இருக்குக்கா. இத்தன ஓகேயூ எடுக்கணும்னு. நாங்க ரேம்ப், டாய்லெட்டு எல்லாம் பாத்துப் பாத்து செஞ்சோம். வேலை என்னன்னு..." அவள் நிறுத்திக்கொண்டாள். "சத்தியமா, அத யாரும் பேசல."

"கோவமா கேக்கலமா."

"தெரியுதுக்கா. அதான் கஷ்டமா இருக்கு."

"அமுதா மேடம் பின்னால ஃபைல் குவிஞ்சு கெடக்கு. அதுக்கு ஆளுங்க ஓவர்டைம் போட்டு ஒக்காந்துருக்காங்க. எனக்கு அதுல குடுக்கச் சொல்லுங்க."

கொடுத்தார்கள். முதலில் பத்துக் கோப்புகள், பிறகு முப்பது. போலீஸ் அறிக்கை, பட்டறையின் பில், வண்டியின் படங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, பதிவு எண்ணையும் தொகையையும் கணினியில் ஏற்ற வேண்டும். நசுங்கிய கதவுகள், உடைந்த கண்ணாடிகள், நெளிந்த மோட்டார்சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சாலையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பும் சில படங்களில் இருக்கும். அவள் அவற்றைப் பார்த்து, இருக்கிறது என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். காப்பார் சாலை என்று ஓர் அறிக்கையில் வந்தபோது மட்டும் பேனாவை வைத்துவிட்டு, கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு உட்கார்ந்து அதையும் ஏற்றினாள்.

தவறு நடந்தது தீபாவளிக்கு முந்தைய வாரம். 4127 என்று முடியும் காரையும் 4172 என்று முடியும் வேனையும் மாற்றி ஏற்றிவிட்டாள். வேனுக்குரிய பணம் காரைப் பழுதுபார்த்த பட்டறைக்குப் போய்விட்டது. அமுதவள்ளி எழுந்து அவள் மேசைக்கே வந்தார்.

"கண்ண எங்க வெச்சிருந்த? இது கார், இது வேன்! படத்த பாத்தாலே தெரியாது? இப்ப அந்த பட்டறக்காரன்கிட்ட போயி யாரு கெஞ்சறது? உங்கப்பனா?"

பிரிவில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. இறந்துபோன அப்பாவை இழுத்துப் பேசியது சீதாலெட்சுமிக்குப் பிடிக்கவில்லை.

"தப்புதான் மேடம். ஆனா எங்கப்பாவ பேசாதீங்க."

அமுதவள்ளி கையை நீட்டினார். "சரி. ஃபைல குடு" என்று பிடுங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மேசை மறுபடி வெறுமையாக இருந்தது. விஷ்ணுப்ரியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தாள். யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். ஓகேயூ ஊழியரை எல்லோர் முன்னாலும் திட்டியதற்காக அமுதவள்ளிக்கு எச்சரிக்கை கொடுத்தாயிற்று. "உங்களுக்கு இனிமே அந்த ஸ்ட்ரெஸ் வேணாம்கா. ஃபைல் எல்லாம் எடுத்துட்டோம்."

"வேற யாராவது இதே தப்ப செஞ்சா, ஃபைல எடுத்துருவீங்களா?"

விஷ்ணுப்ரியா எழுந்து நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளப்போனாள்.

"திட்டு வாங்கினது நானு. நான் புகார் பண்ணல. அப்பாவ இழுத்ததுக்கு நானே சொல்லிட்டேன். வேலைய திருப்பிக் குடுங்க."

அது உடனே நடக்கவில்லை. மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். தீபாவளி வந்தது, போனது. பாதிக் கோப்புகள் திரும்பி வந்தன. அமுதவள்ளி ஒரு மாதத்துக்கு மேல் அவளோடு பேசவில்லை. கோப்புகளை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பினார். சீதாலெட்சுமி அதைப் பற்றி வருத்தப்பட்டாளா என்று நல்லம்மாள் ஒரு முறை கேட்டாள். வருத்தப்பட்டேனா என்று அவளே யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. கையை ஊன்றி ஊன்றித் தோளில் வலி இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

ஒருநாள் அமுதவள்ளியே ஒரு கட்டுக் கோப்புகளோடு வந்து நின்றார்.

"மத்தியானத்துக்குள்ள வேணும்."

"முடியாது மேடம். நாலு மணி ஆகும்."

அவர் அவளையும் கட்டையும் பார்த்தார். "நாலுன்னா நாலு. அஞ்சு ஆக்கிராத" என்று வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் லோகன் என்றொருவரை எடுத்தார்கள். செந்தூல்காரர், முன்னாள் பஸ் ஓட்டுநர், சர்க்கரை வியாதியில் பார்வை போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் கேக், மறுபடியும் படம். அவரைச் சீதாலெட்சுமிக்குப் பக்கத்து மேசையில் உட்காரவைத்தார்கள். இரண்டு நாள் அவர் கைகட்டி உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். மூன்றாம் நாள், "அண்ணே, சும்மா ஒக்காராதீங்க. போன் பேச வருமா?" என்று கேட்டாள்.

"பஸ் ஓட்டுனவன் வாய்க்கு என்ன கொறச்சல்?"

எந்தப் பட்டறை பில் அனுப்பவில்லை என்று அவள் சொல்வாள், அவர் கூப்பிட்டு வாங்குவார். யார் கொடுக்கச் சொன்னது என்று அமுதவள்ளி கேட்டார். நான்தான் கொடுத்தேன் என்றாள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். சில மாதம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளைக் கேட்டுக் கேட்டும் கம்பெனி வாங்கவில்லை. பார்வை மொத்தமாகப் போனதும், எல்லாவற்றுக்கும் அவளையே கேட்டுக்கொண்டிருப்பது சரியில்லை என்று லோகன் நின்றுவிட்டார். போகும்போது, "நீ இருமா. விட்டுராத" என்றார். அவள் சரி அண்ணே என்றாள்.

அவர் பார்த்த தொலைபேசி வேலையும் இப்போது அவளிடம்தான் இருக்கிறது. அடுத்து வருகிறவருக்காவது வேண்டும் என்று, அந்த மென்பொருளுக்கு விஷ்ணுப்ரியாவிடம் மாதாமாதம் நினைவூட்டிக்கொண்டிருக்கிறாள். இன்று காலையும் நினைவூட்டினாள். பட்ஜெட் இல்லையாம். திரும்பி வந்து தொலைபேசியை எடுத்து, செராஸில் இருக்கும் ஒரு பட்டறையைக் கூப்பிட்டாள்.

"பாஸ், நீங்க அனுப்பின பில்லுல சோப் முத்திரை அடிக்கல. சோப் அடிச்சு அனுப்புங்க, அப்பதான் பணம் வரும்... இல்ல பாஸ், நாளைக்கு இல்ல. இன்னிக்கே."