வேட்டில்லாத ஊர்வலம்

அரியலூர் டவுன் வளர வளர எங்கள் ஏரிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் வளர்கிறது. பெரம்பலூரிலிருந்துகூட கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வந்து பறவை பார்த்தால் சந்தோஷம்தான். பார்வைக் கோபுரத்தில் ஏறி பிறந்தநாள் கேக் வெட்டி, ஒருவர் தலையில் ஒருவர் நுரையைப் பீய்ச்சிக்கொள்கிறார்கள். ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னால், "ஏன் மேடம், பறவைங்களுக்குப் பாட்டுப் புடிக்காதா?" என்று என்னையே கேட்கிறார்கள். இந்தப் பறவைகள் சரணாலயத்துக்கு வனவராக வந்த நாளிலிருந்து என் தொண்டை கட்டியதெல்லாம் இவர்களால்தான்.

ஏரியை ஒட்டிய ஊர்க்காரர்களிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. பறவைகள் வந்து இறங்கும் சமயம் என்று அவர்களாகவே விட்டுவிட்டார்கள். பக்கத்து ஊர்களில் வானம் அதிரும்போது இங்கே பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்வார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். சம்பளம் மட்டும்தான் எனக்கு, காவல் அவர்களுடையது.

ஒரு தை மாதம், ஏரி நிறைந்து பறவைகளும் நிறைந்திருந்தபோது, அந்த ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்டுக்கொண்டிருந்தவர். சுடுகாட்டுக்கு ஏரிக்கரை மேல்தான் வழி. நான் வந்த பிறகு நடந்த சாவுகளெல்லாம் கோடையில் நடந்தவை. அப்போது ஏரி காய்ந்து கிடக்கும், வேட்டும் மேளமுமாகப் போவார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. இப்போது கரையில் ஒரு வேட்டு வெடித்தால் மொத்த ஏரியும் எழும்பிவிடும். அரண்டு போனவை திரும்பி வருமா என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரியவருக்கு ஒரே மகள். ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் முந்திரி வியாபாரி. அவர் ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களோடும் ஓர் அட்டைப்பெட்டி நிறைய வேட்டோடும் வந்து இறங்கியதாகத் தகவல் வந்தது.

சாவு வீட்டு வாசலில் யூனிஃபார்மோடு போய் நிற்பதைப் போல ஒரு சங்கடம் வேறில்லை. மாலை வாங்கிக்கொண்டு போனேன். போட்டுவிட்டு, மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னங்க மேடம் பேசுறீங்க? ஆம்பளப் புள்ள இல்லாத வூடு இது. சத்தமில்லாமத் தூக்கிட்டுப் போனா, எடுத்துச் செய்ய ஆளில்லாம முடிச்சிட்டாங்கன்னு எங்க ஊர்ல பேசுவாங்க. எங்க மாமா என்ன அநாதையா?"

சட்டம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து வந்தார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"ஏங்க, பேரப்புள்ளைங்க எவ்வளவு அழுதும் தீவாளிக்கு ஒரு வெடி வாங்கிக் குடுக்கல எங்கப்பா. இப்ப அவருக்கே வெடிச்சா நல்லாவா இருக்கும்? மேளம் கரை ஏறுற வரைக்கும் அடிக்கட்டும். அதுக்கு மேல வேணாம்."

"ஊர்ல பேசுவாங்க."

"பேசத்தான் செய்வாங்க. எனக்கும் வலிக்கத்தான் செய்யும். இருந்தாலும் வேணாங்க."

அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. சாவு வீட்டில் அப்படிச் செய்யலாமா என்று தெரியவில்லை, கிளம்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் கரையோரம் நின்றுகொண்டிருந்தேன். மேளச் சத்தம் தெருவெல்லாம் அதிர்ந்து, கரை ஏறும் இடத்தில் நின்றது. மேளக்காரர்கள் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். பாடையின் முன்பக்கம் மருமகன் தோள் கொடுத்திருந்தார். வேனில் வந்த ஜெயங்கொண்டத்து ஆட்கள்கூட செருப்பு தேயும் சத்தம் கேட்காமல் நடந்தார்கள். கருவேல மரங்களில் இருந்த நாரைகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. ஒன்றுகூட எழும்பவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எல்லாம் முடிந்து, குளித்த ஈர வேட்டியோடு மருமகன் கரை வழியே திரும்பி வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். ஆனால் நின்றார். கரைக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டத்தைக் காட்டினார்.

"இது என்னங்க மேடம், தலையில கருப்பாக் கோடு போட்டிருக்கு?"

"வரித்தலை வாத்து. இமயமலைக்கு அந்தாண்டயிருந்து வருதுங்க. மலையைத் தாண்டித்தான் வரணும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல எவனாச்சும் கேக்கட்டும், சொல்லிக்கிறேன். எங்க மாமா சாவுக்கு இமயமலையத் தாண்டியெல்லாம் சனம் வந்திருந்துச்சுன்னு."