வழி சொன்னவர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். வெள்ளை மீசை, அயர்ன் செய்த அரைக்கைச் சட்டை. டிரைவர் சட்டென்று பிரேக் போட, எதிரே வந்த லாரி நூலிழையில் விலகிப் போனது. எல்லோரும் டிரைவரைத் திட்டினோம். இவர் மட்டும், "நல்லாக் காப்பாத்துனீங்க தம்பி" என்று உரக்கச் சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஓட்டுறவுகள நான் ஏச மாட்டேன்" என்றார். "விமானப்படையில பைலட்டுக்கு வழி சொல்ற வேலை பாத்தேன். பாகிஸ்தான் சண்டையில குண்டு போட்டுட்டுத் திரும்பும்போது எங்க விமானத்துல அடி விழுந்துச்சு. ஒரு எஞ்சின் தீப்பிடிச்சு நின்னுபோச்சு. உள்ள நாங்க ரெண்டே பேரு. பைலட்டு சீட்டோட வெளிய தெறிச்சுத் தப்பிச்சிரலாம். எனக்கு அந்த மாதிரி சீட்டு கிடையாது. நான் குதிக்க வேண்டிய கதவும் சிக்கிக்கிருச்சு. 'நீங்க போயிருங்க சார்'னு கத்துனேன்."

"போகலையா?"

"'நீ வழியச் சொல்லு'ன்னாரு. அம்புட்டுத்தான். நான் அழுதுகிட்டே சொன்னேன். மிச்சமிருந்த ஒத்த எஞ்சின்ல கொண்டாந்து எறக்கிட்டாரு."

"பயமே இல்லாத மனுசர் போல."

"யாரு சொன்னா? எறங்குனதும் கை நடுங்கி, அவருக்கு ஹெல்மெட்டக் கழத்த ஏலல. நாந்தான் கழத்திவிட்டேன்."

சொல்லும்போது அவர் விரல்கள், எதிரே ஒரு முகம் இருப்பதுபோல, காற்றில் மெல்ல ஒரு வாரைத் தளர்த்தின.

ராஜபாளையத்தில் இறங்கிப் போய்விட்டார். அந்தப் பைலட் இன்னும் இருக்கிறாரா என்று கேட்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.