மணியடிப்பதற்குள் வீடு: புதுச்சேரிக்கு ஒரு பள்ளிப் பயணம்

எங்கள் ஊரில் நான் எண்ணியவரை நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். (நாய்கள் துரத்தியதால் மேலத்தெருவில் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம்.) நெல் மில் உண்டு, மாதாகோவில் உண்டு, மாரியம்மன் கோவில் உண்டு. பேருந்து மட்டும் ஊருக்குள் வராது. பள்ளிக்கூடமும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியும் போனதில்லை. நான் கேட்டபோது அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒரு நாள் அம்மாவோட போய்ப் பாத்துட்டு வா. பள்ளிக்கூடம் வுட்டப்புறம் கெளம்பி, சாயந்திரம் கோயில் மணி அடிக்கறதுக்குள்ள வூட்ல இருந்தீன்னா சேத்து வுடறேன்."

மாதாகோவில் மணி ஆறுக்கு அடிக்கும். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். அப்பா அன்று விடியற்காலையே மாட்டுவண்டியில் கரும்பு ஏற்றிக்கொண்டு சர்க்கரை ஆலைக்குப் போயிருந்தார்.

காலை 6.40க்கு நடக்கத் தொடங்கி, மூன்று கிலோமீட்டர் தாண்டி, 7.25க்குத் தார்ச்சாலையை அடைந்தோம். 7.35க்குப் பேருந்து. ஆளுக்கு நாற்பது காசு. வழியில் ஆலைக்கு முன் கரும்பு வண்டிகள் ஓரமாக வரிசையில் நின்றன. வில்லியனூரில் கூட்டம் ஏறியது. அம்மா மடியில் யாரோ ஒரு கோழிக்கூடையை வைத்துவிட்டார்கள். 8.25க்குப் புதுச்சேரிப் பட்டணம். பள்ளியில் நூலகம் என்று தனி அறையே இருக்கிறது! வாசலில் நின்று பார்த்தேன், உள்ளே விடவில்லை.

பள்ளி 4.10க்கு விட்டது. 4.25 பேருந்தைப் பிடித்தோம். வில்லியனூர் தாண்டும்வரை எல்லாம் நான் நோட்டில் கணக்கிட்டபடியே நடந்தது. ஆலை வாசலைக் கடந்ததும் பேருந்து நின்றுவிட்டது. எதிரே கரும்பு லாரி, இடது பக்கம் வண்டி வரிசை, வலது பக்கம் வாய்க்கால். ஒரு வண்டி பக்கத்துத் தரிசில் இறங்கினால்தான் வழி. ஆனால் வரிசையை விட்டு இறங்கினவர் மறுபடியும் வாலில்தான் நிற்க வேண்டும். அது அங்குள்ள வழக்கம்.

"யாராச்சும் எறங்குங்கப்பா!" என்று நடத்துனர் கெஞ்சினார்.

"நீ வேணா உன் பஸ்ஸ எறக்கு, நாங்க தள்றோம்!" என்றார் ஒரு வண்டிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

மணி 5.40. அப்போதுதான் முன்னாலிருந்து ஐந்தாவது வண்டியில் எங்கள் மாடுகளைப் பார்த்தேன். அப்பா சன்னலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேற்கே சூரியனைப் பார்த்தார். மாடுகளைச் சரிவில் திருப்பினார்.

"இன்னா அண்ணே, அஞ்சாவது எடத்த வுட்டுட்டு வாலுக்கா போற?"

"போறேன்பா. நீ முன்னால போய் எடைய போடு."

பேருந்து நகர்ந்தது. வரிசையின் வால் முடியும்வரை அறுபத்தெட்டு வண்டிகள் எண்ணினேன். அப்புறம் கண் கலங்கியதால் எண்ண முடியவில்லை.

5.55க்கு இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனோம். வாய்க்கால் மதகருகே வரும்போது மணி அடித்துவிட்டது. அம்மா நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். அதன் பிறகு நாங்கள் ஓடவில்லை.

அப்பா மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "மணி அடிச்சப்புறம்தான்பா வந்தோம்."

அவர் நுகத்தடியைக் கழற்றிக்கொண்டே, "அடிச்சிச்சா? ஆலகிட்ட எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றார். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, "ஜூன்ல எந்தத் தேதி சேக்கறாங்களாம்?" என்று கேட்டார்.

எட்டாம் வகுப்பு முடிக்கப்போகும் தோழிகளே, போக வர எண்பது காசு வேண்டும். கட்டுச்சோறு கொண்டுபோங்கள். கரும்பு வெட்டும் மாதங்களில் முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டிலும் அதை முன்பே சொல்லிவிடுங்கள். வழியில் ஒரு வண்டி வரிசையை விட்டு இறங்கினால், சன்னல் வழியாக அந்த வண்டிக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போடுங்கள். அவர் வீடு திரும்ப மறுநாள் ஆகும்.